குரூப்ல 12 கி.மீ ஈஸியா போகுது, தனியா ஓடினா 5-லயே நின்னுடுது: ஹாஃப் மாரத்தானுக்கு எப்படி ரெடி ஆகுறது?

நீங்க கேட்டது இதுதான்: 10 கி.மீ 65 நிமிஷத்துல முடிச்சிருக்கீங்க, ஹாஃப் மாரத்தானுக்கு (21.1 கி.மீ) 14 வாரம் இருக்கு, ஞாயித்துக்கிழமை ரன்னிங் குரூப்போட 6:45 பேஸ்ல, அதாவது கி.மீ-க்கு 6 நிமிஷம் 45 செகண்ட்ல, 12 கி.மீ வரைக்கும் போயிடுது, ஆனா வார நாள்ல தனியா கிளம்பினா 4, 5 கி.மீ-லயே மூச்சு வாங்கி நடக்க ஆரம்பிச்சிடுறீங்க, அதனால தனி ஓட்டத்த விட்டுட்டு எல்லாத்தையும் குரூப்போடவே வச்சுக்கலாமா? டார்கெட் 2 மணி 15 நிமிஷம்.

விடாதீங்க. "எனக்கு மனபலம் கம்மி"ன்னு நீங்களே ஒரு தீர்ப்பு எழுதி வச்சிருக்கீங்க, எனக்கு அப்படி தோணல. நீங்க குடுத்த நம்பரையே வச்சு கணக்கு போட்டுப் பாருங்க.

பீட்டர் ரீகல்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் ஒரு ஃபார்முலா குடுத்திருக்கார், ஆன்லைன்ல இருக்கிற ரேஸ் டைம் கால்குலேட்டர் நிறைய அதத்தான் யூஸ் பண்ணுது. அதன்படி 10 கி.மீ டைம சுமாரா 2.2-ஆல பெருக்கினா ஹாஃப் டைம் வரும். உங்க 65 நிமிஷத்துக்கு 2 மணி 23 நிமிஷம், அதாவது கி.மீ-க்கு 6:48. அதுவும் நல்லா ட்ரெயின் பண்ணினவங்களுக்குத்தான், வாரத்துக்கு 20, 25 கி.மீ ஓடுறவங்களுக்கு இந்த ஃபார்முலா கொஞ்சம் தாராளமா சொல்லும். இப்ப 2:15-ஐ பாருங்க, அதுக்கு 21.1 கி.மீ முழுசும் 6:24-ல போகணும், உங்க 10 கி.மீ பேஸே 6:30 தான். 14 வாரத்துல 10 கி.மீ டைம் 61 நிமிஷத்துக்கு இறங்கினா 2:15 பத்தி பேசலாம், இறங்கலாம், நடக்காததில்ல. இப்போதைக்கு மனசுல 2:25ன்னு வச்சுக்கோங்க, 9, 10-வது வாரத்துல ஒரு 10 கி.மீ டெஸ்ட் ஓடிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா உங்க ரேஸ் பேஸ் 6:48, குரூப் ஓடுறது 6:45. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க லாங் ரன்னு நினைச்சுட்டு ரேஸ் ஓடிட்டு வர்றீங்க.

இது எப்படி நடக்குதுன்னு அடுத்த ஞாயிறு கவனிச்சுப் பாருங்க. கிளம்பும்போது எல்லாரும் "இன்னைக்கு ஸ்லோவாத்தான்"னு சொல்லிட்டுத்தான் கிளம்புவாங்க. முதல் 2 கி.மீ-ல ஆபீஸ் கதை, வீட்டுக் கதை எல்லாம் முழு வாக்கியமா ஓடும். அப்புறம் பக்கத்துல வர்றவரோட தோள் உங்க தோள விட அரை அடி முன்னால இருக்கும், நீங்க தெரியாமலே அத சமம் பண்ணுவீங்க, அவர் தெரியாமலே மறுபடி அரை அடி முன்னால போவார், ரெண்டு பேரும் வேகத்த கூட்டணும்னு நினைக்கவே இல்ல, ஆனா 7:15-ல ஆரம்பிச்சது 5-வது கி.மீ-ல 6:40 ஆயிருக்கும். 7-வது கி.மீ தாண்டினதும் கதை நின்னு போய் "ம்", "ஆமா", "அப்படியா"ன்னு ஒத்த வார்த்தையா வரும். யாரும் "கொஞ்சம் மெதுவா போலாமே"ன்னு சொல்ல மாட்டாங்க, எல்லாருக்கும் அந்த நினைப்பு இருந்தாலும்.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. 1898-லயே நார்மன் ட்ரிப்லெட்னு ஒருத்தர் சைக்கிள் ரேஸ் ரெக்கார்டுகள வச்சு, தனியா ஓட்டுறவங்கள விட கூட ஆள் இருக்கும்போது வேகம் கூடுதுன்னு எழுதினார். கூட்டம் வேகம் குடுக்கும். அது ரேஸ் அன்னைக்கு வரம், ஆனா வாரா வாரம் வாங்கிட்டே இருந்தா கடன் மாதிரி, செவ்வாய்க்கிழமை திருப்பிக் கட்டணும்.

செவ்வாய்க்கிழமை நீங்க தனியா நிக்குறதுக்குக் காரணம் இதுதான். ரெண்டு நாள் முன்னாடி 12 கி.மீ ரேஸ் பேஸ்ல அடிச்ச கால் இன்னும் சரியாகல. அதே காலோட, வாட்ச்ல 6:45 பாத்துப் பழகிட்டதால அதையே "நம்ம பேஸ்"னு நினைச்சு முதல் கி.மீ-லயே அதப் புடிக்கப் பாக்குறீங்க, பேச்சுத்துணை இல்லாததால மூச்சு வாங்குறது இன்னும் பெருசா காதுல விழுது, 4-வது கி.மீ-ல உடம்பு போதும்ங்குது. சரியாத்தான் சொல்லுது.

சரி, அப்ப எந்த வேகத்துல ஓடணும்? உங்க லெவலுக்கு ஈஸி ரன் 7:30-ல இருந்து 8:00. ஆமா, அவ்வளவு மெதுவா. வெக்கமா இருக்கும், பக்கத்துல வேகமா நடக்குறவங்கள தாண்டவே நேரம் எடுக்கும், பரவால்ல. மெதுவா நிறைய ஓடும்போதுதான் தசை செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா கூடும், சின்னச் சின்ன ரத்தக்குழாய் கூடும், கொழுப்ப எரிச்சு ஓடுற திறமை வரும், ஹாஃப் மாரத்தான் கிட்டத்தட்ட முழுக்க இந்த ஏரோபிக் சிஸ்டத்துலதான், அதாவது ஆக்சிஜன வச்சு சக்தி எடுக்கிற வழியிலதான் ஓடுது. ஸ்டீஃபன் சைலர்ங்கிற ஆராய்ச்சியாளர் டாப் லெவல் வீரர்களோட ட்ரெயினிங்க பாத்து சொன்ன 80/20 கேள்விப்பட்டிருப்பீங்க, பெரும்பகுதி ஈஸி, கொஞ்சம்தான் ஹார்ட். நம்மள மாதிரி ஆளுங்க தலைகீழா எல்லாத்தையும் நடுவுல ஓடுவோம், ஈஸியா இருக்கிற அளவுக்கு மெதுவும் இல்ல, வேகம் கூடுற அளவுக்கு ஹார்டும் இல்ல, களைப்பு மட்டும் முழுசா கிடைக்கும்.

மணிக்கட்டுல இருக்கிற வாட்ச்சோட ஹார்ட் ரேட்ட ரொம்ப நம்பாதீங்க. பட்டை லூசா இருந்தா சில சமயம் நாடித்துடிப்புக்கு பதிலா உங்க ஸ்டெப் எண்ணிக்கைய புடிச்சுக்கும், ஜாகிங் போகும்போது 170ன்னு காட்டி பயமுறுத்தும். பேச்சு டெஸ்ட் போதும். குரூப்ல இது சுலபம், மூச்சு வாங்காம ரெண்டு மூணு வாக்கியம் பேச முடியுதான்னு பாருங்க. தனியா ஓடும்போது யாருக்காவது போன் போட்டுப் பேசிட்டே ஓடுங்க, எதிர்ல இருக்கிறவருக்கு நீங்க ஓடுறது தெரியலன்னா அதுதான் ஈஸி பேஸ்.

தனி ஓட்டத்துக்கு சிட்டியில ரூட் எப்படி எடுக்குறோம்ங்கறது பாதி வேலை. வீட்டச் சுத்தி 1 கி.மீ லூப் வச்சீங்கன்னா ஒவ்வொரு ரவுண்டுலயும் வீட்டு கேட் கூப்பிடும், உங்கள மாதிரி நிக்குற பழக்கம் இருக்கிறவங்களுக்கு அது ஆகாது. ஒரே திசையில 3 கி.மீ போய் அதே வழியில திரும்புங்க, போனா வந்துதானே ஆகணும். முதல் கி.மீ வேணும்னே 8:15, 8:30-ல போங்க, வாட்ச் ஸ்கிரீன்ல பேஸ் காட்டாம வெறும் நேரம் மட்டும் வச்சுக்கோங்க. முதல் ரெண்டு வாரம் கி.மீ கணக்கே வேணாம், "40 நிமிஷம் நிக்காம"ன்னு மட்டும் வைங்க. மூச்சு வாங்கினா நடக்காதீங்க, இன்னும் மெதுவா ஓடுங்க, நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவுல ஒரு கியர் இருக்கு, அத நீங்க இதுவரைக்கும் யூஸ் பண்ணதே இல்லன்னு நினைக்கிறேன்.

சிக்னல்ல நிக்குறத பத்தி நிறைய பேர் கவலப்படுறாங்க. ஈஸி ரன்ல அரை நிமிஷம் நின்னா ஒண்ணும் கெட்டுப் போகாது, சிவப்புல குதிச்சுக் குதிச்சு நிக்கவும் தேவையில்ல. ஆனா உயரமான பில்டிங் நடுவுல ஓடும்போது ஜிபிஎஸ் சிக்னல் சுவத்துல பட்டுத் திரும்பி வர்றதால வாட்ச் நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாய்ஞ்ச மாதிரி கோடு போடும், திடீர்னு 5:10 காட்டும், அடுத்த நிமிஷம் 8:40 காட்டும். அந்த இடத்துல உடனடி பேஸ பாத்து வேகம் மாத்தறது வீண் வேலை. முழு கி.மீ முடிஞ்சதும் வர்ற லேப் பேஸ மட்டும் பாருங்க. பேஸ் ஒழுங்கா பாக்க வேண்டிய ஓட்டத்த பார்க்லயோ ஸ்டேடியம் ட்ராக்லயோ வச்சுக்கோங்க, ட்ராக்ல உள் லேன் 400 மீட்டர், ரெண்டரை ரவுண்டு 1 கி.மீ, எந்த சாட்டிலைட்டும் தேவையில்ல.

வாரத்துக்கு நாலு நாள் போதும். ரெண்டு ஈஸி ரன் தனியா, ஒரு குவாலிட்டி ரன் (வேகம் பழகுற ஓட்டம்) தனியா, ஒரு லாங் ரன் குரூப்போட. எதை தனியா ஓடணும், எதை குரூப்ல ஓடணும்ங்கறதுலதான் எனக்கு ஒரு அழுத்தமான கருத்து இருக்கு. பல பேர் வேகமான ஓட்டத்தத்தான் குரூப்போட ஓடணும்பாங்க, ட்ராக்ல சின்னச் சின்ன இன்டர்வல் (வேகமா ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடுறது) அடிக்கிறதுக்கு அது சரிதான், 400, 800 மீட்டர் தனியா அடிக்கிறது கொடுமை. ஆனா டெம்போவும் (கொஞ்சம் ஹார்டா, ஆனா ஒரே சீரா ஓடுறது) ரேஸ் பேஸ் ஓட்டமும் தனியாத்தான் பழகணும். ரேஸ் அன்னைக்கு உங்களச் சுத்தி ஆயிரக்கணக்குல ஆளுங்க முதல் 3 கி.மீ-ய பைத்தியம் புடிச்ச மாதிரி ஓடுவாங்க, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல 6:50ன்னா எப்படி இருக்கும்னு உங்க காலுக்குத் தெரிஞ்சிருக்கணும், பக்கத்துத் தோளப் பாத்து ஓடியே பழகின காலுக்கு அது தெரியாது.

முதல் 4 வாரம் குவாலிட்டி ரன்னே வேணாம், அதுவும் ஈஸியாவே இருக்கட்டும், கடைசியில 20 செகண்ட் ஸ்ட்ரைட்ஸ் (வேகத்த கொஞ்சம் கொஞ்சமா கூட்டி ஓடுற சின்ன ஓட்டம்) ஒரு நாலு போடுங்க போதும். 5-வது வாரத்துல இருந்து டெம்போ: 2 கி.மீ வார்ம்அப், அப்புறம் 10 நிமிஷம் 6:30 பக்கம், 3 நிமிஷம் ஜாக், மறுபடி 10 நிமிஷம், கூல்டவுன். 8-வது வாரத்துக்கு மேல ரேஸ் பேஸ்: 3 கி.மீ வீதம் ரெண்டு தடவ, அப்புறம் மூணு தடவ. கடைசி செட்டும் முதல் செட்டும் ஒரே டைம்ல வரணும், முதல் செட்ட 6:30-ல அடிச்சுட்டு கடைசிய 7:10-ல இழுத்தா அன்னைக்கு பாடம் தோல்வி, ஆவரேஜ் என்ன வந்தாலும் சரி.

லாங் ரன் வாரா வாரம் 10, 11, 12, அப்புறம் 9-க்கு இறக்கம், 13, 14, 15, மறுபடி 11, அப்புறம் 16, 17, 18, அதுக்கப்புறம் 14, 10, ரேஸ். ட்ரெயினிங்ல 21 ஓடிப் பாக்கணும்னு அவசியமே இல்ல, 18 நல்லா ஓடினவர் 21 ஓடிடுவார். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல கூட்டக்கூடாதுங்கற விதிய வேதம் மாதிரி சொல்வாங்க, நெதர்லாந்துல 2008-ல வெளியான ஒரு ஆய்வுல, புதுசா ஓட ஆரம்பிச்சவங்கள ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் அந்த விதிப்படி மெதுவா கூட்டினாங்க, இன்னொரு பக்கம் வழக்கமான வேகத்துல கூட்டினாங்க, ரெண்டு பக்கமும் காயம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அதனால அந்த நம்பர புடிச்சுட்டு தொங்க வேணாம். நாலு வாரத்துக்கு ஒருதடவ இறக்குறத மட்டும் விடாதீங்க. நுரையீரலும் இதயமும் சில வாரத்துல பழகிடும், தசைநாரும் எலும்பும் மாசக்கணக்குல எடுத்துக்கும். "மூச்சு வாங்கவே இல்ல, ஆனா முழங்காலுக்குக் கீழ எலும்பு ஓரமா வலிக்குது"ன்னு ஒன்பதாவது வாரத்துல நிறைய பேர் வந்து நிக்குறதுக்கு அதுதான் காரணம். ஓட ஓட குறையிற வலின்னா கவனிச்சுட்டே ஓடலாம், ஓட ஓட கூடுற வலி, இல்ல விரல் வச்சு அழுத்தினா ஒரே புள்ளியில சுருக்குனு குத்துற வலின்னா நிறுத்திட்டு டாக்டர பாருங்க.

இப்ப குரூப்ல ஈஸியா ஓடுறது எப்படி? உங்க குரூப்ல பேஸ் வாரியா பிரிப்பாங்கன்னா ஒரு பஸ் (ஒரே பேஸ்ல சேந்து ஓடுற கூட்டத்த அப்படித்தான் சொல்வாங்க) கீழ இறங்குங்க, 7:30 பஸ். ஈகோ கொஞ்சம் கத்தும். பிரிக்க மாட்டாங்கன்னா கிளம்பும்போதே கடைசி ஆளா கிளம்புங்க, முன்னாடி நின்னுட்டு "மெதுவா போறேன்"னு சொன்னா நடக்காது. குரூப் லீட் கிட்ட முன்கூட்டியே "நான் பின்னாடி வரேன், எனக்காக நிக்க வேணாம், ரூட் மட்டும் அனுப்பிடுங்க"ன்னு சொல்லிடுங்க. நல்ல குரூப்ல கடைசியா வர்றவங்களோட ஒருத்தர் வருவார், அவர்தான் அந்த குரூப்லயே அனுபவம் அதிகம் உள்ளவரா இருப்பார் பெரும்பாலும், அவர் கிட்ட பேச்சு குடுங்க. அதுக்கப்புறமும் கைல அரிப்பு எடுத்தா கடைசி 3 கி.மீ மட்டும் குரூப் பேஸ்ல போங்க, 10-வது வாரத்துக்கு மேல அது நல்ல பயிற்சியும்கூட.

லாங் ரன்ன குரூப்போட வைக்கச் சொல்றதுக்கு வேற காரணமும் இருக்கு. 16, 17 கி.மீ-ங்கிறது உங்களுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல, அவ்வளவு நேரம் தனியா ரோட்டுல இருக்கிறத விட கூட ஆள் இருக்கிறது பாதுகாப்பு, நடுவுல கால் புடிச்சா, மயக்கம் வந்தா கைக்கு உதவி இருக்கும். தண்ணிக்கு ஏற்பாடு இருக்கும். "பள்ளம்", "பின்னாடி வண்டி"ன்னு குரல் வந்துட்டே இருக்கும். ஒண்ணு மட்டும், குரூப்ல போறப்ப நாலு பேர் வரிசையா ரோட்ட அடைச்சுட்டு போகாதீங்க, ரெண்டு ரெண்டா போங்க, முன்னால ஓடுறவர் கிராஸ் பண்ணிட்டார்னு பாக்காம பின்னாலயே பாயாதீங்க, அவருக்கு இருந்த கேப் உங்களுக்கு இருக்காது.

தனியா போறப்ப நடைபாதை இல்லாத ரோட்டுல எதிர்ல வர்ற வண்டிய பாத்து ஓடுங்க, ஒரு காதுலயாவது ஹெட்ஃபோன் இல்லாம இருக்கட்டும், இருட்டுல ரிஃப்ளெக்டர், வீட்டுல ஒருத்தருக்கு லைவ் லொகேஷன். பெரிய ரோட்டுல புகை அதிகம், ஒரு தெரு உள்ள தள்ளிப் போனாலே வித்தியாசம் தெரியும். வெயிலும் புழுக்கமும் இருக்கிற நாள்ல கி.மீ-க்கு அரை நிமிஷம் கூட ஆனாலும் கண்டுக்காதீங்க, உடம்பு போடுற உழைப்பு அதேதான்.

சாப்பாடு விஷயம். உடம்புல சேத்து வச்சிருக்கிற மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், ஒன்றரைல இருந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் தாக்குப் பிடிக்கும், உங்களுக்கு ரேஸ் அதுக்கு மேல போகுது, அதனால வெறும் தண்ணில ஓட்ட முடியாது. மணிக்கு 30-ல இருந்து 60 கிராம் கார்போஹைட்ரேட் வேணும், ஓடும்போது சாப்பிடுற எனர்ஜி ஜெல் பாக்கெட் ஒண்ணுல சுமாரா 20, 25 கிராம் இருக்கும், அப்ப 40 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கலாம். 14 கி.மீ லாங் ரன்ல இருந்தே பழகுங்க, வயிறும் ட்ரெயின் ஆகணும். தாகத்துக்கு குடிங்க, ஸ்டால் வர்ற இடத்துலயெல்லாம் கப் கப்பா ஊத்திக்காதீங்க, தண்ணி அளவுக்கு மீறிப் போனா ரத்தத்துல சோடியம் குறைஞ்சு அதுவே ஆபத்து. ஷூ, சாக்ஸ், டீஷர்ட் எதுவும் ரேஸ் அன்னைக்கு புதுசா வேணாம், தொடை, அக்குள், ஆண்களா இருந்தா மார்க்காம்புலயும் வாஸ்லின், இத சொல்ல எல்லாரும் கூச்சப்படுவாங்க, 18 கி.மீ-ல வியர்வை பட்டு எரியும்போது தெரியும்.

கடைசி ரெண்டு வாரம் தூரத்த பாதியா குறைங்க, வேகத்த விட்டுடாதீங்க, சின்னச் சின்ன ரேஸ் பேஸ் துண்டு இருக்கட்டும். அந்த ரெண்டு ஞாயிறும் குரூப்புக்கு போறதுன்னா தூரத்த முன்னாடியே சொல்லிட்டுப் போங்க, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் 4 கி.மீ"ன்னு யாராவது இழுப்பாங்க.

ரேஸ்ல வாட்ச் 21.1-க்கு பதிலா 21.3, 21.4 காட்டும், ரூட் தப்பா அளந்துட்டாங்கன்னு கத்த வேணாம். அங்கீகாரம் உள்ள ரேஸ்ல சைக்கிள்ல கவுன்டர் மாட்டி, ஓட முடிஞ்ச மிகக் குறைஞ்ச வழியில, வளைவுல ஓரத்துல இருந்து 30 செ.மீ தள்ளி அளப்பாங்க, குறைஞ்சிடக் கூடாதுன்னு 0.1 சதவீதம் சேத்தும் வைப்பாங்க. நம்ம ஆளுங்கள தாண்டி, வளைவுல வெளிப்பக்கமா சுத்தி, தண்ணி ஸ்டாலுக்கு ஒதுங்கி ஓடுறோம், கூட 300 மீட்டர் ஆனா உங்க பேஸ்ல ரெண்டு நிமிஷம். அதனால 2:25-க்கு தேவையான பேஸ் 6:52ன்னா வாட்ச்ல 6:47 காட்டுற மாதிரி ஓடணும், இல்ல கி.மீ போர்டு வர்றப்ப நீங்களே லேப் பட்டன் அழுத்துங்க, நான் ரெண்டாவததான் சொல்வேன்.

கடைசியா, ரேஸ்ல குரூப் நண்பர்களோட சேந்து ஓடலாமான்னு கேட்டிருந்தீங்க. டார்கெட் ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள ஒத்து வந்தா தாராளமா, காத்து எதிர்ல அடிக்கும்போது மாறி மாறி முன்னால போகலாம். ஆனா கிளம்புறதுக்கு முன்னாடியே பேசிக்கோங்க: 15 கி.மீ வரைக்கும் ஒண்ணா, அதுக்கப்புறம் யாருக்கு முடியுதோ அவங்க போகலாம், யாரும் யாருக்காகவும் நிக்க வேணாம், முடிச்சுட்டு பேக் கவுன்டர் கிட்ட பாத்துக்கலாம்.